நாற்பத்திரண்டு கிராம்

ஜெர்மனிக்கு வந்த புதிதில், தெருமுனைக் கடைக்காரம்மாள் திராட்சையை நிறுத்துவிட்டு, "கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லையா?" என்று கேட்டாள். கொசுறு போடுகிறாள், தங்கமான மனுஷி என்று நினைத்து, வாயெல்லாம் பல்லாக 'டாங்கே' என்று நன்றி சொன்னேன். கூடிய நான்கைந்து பழத்துக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கினாள். இன்றும் அவள் அப்படிக் கேட்டால் எனக்குச் சுருக்கென்கிறது.

கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்னும் ஊரில் இருந்த என் அண்ணன் பெருமாளின் மிளகை இணையத்தில் விற்கலாம் என்று 2001இல் யோசனை வந்தபோது, மாத வாடகைக்குக் கிடைத்த ரெடிமேட் இணையக் கடை ஒன்றைத்தான் முதலில் எடுத்தேன். சந்தை நாளில் அண்ணன் பஸ் ஏறி அடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்கு இறங்குவார். அங்கே எஸ்.டி.டி. பூத்தில் நின்று, நான் போனில் வாசிக்கும் ஆர்டர்களை எழுதிக்கொண்டு, பொட்டலங்களைத் தபாலில் போடுவார். தபால் செலவுதான் உதைத்தது. கால் கிலோப் பொட்டலம் ஒவ்வொன்றும் எடை கூடியிருந்தது. கேட்டேன்.

"அளந்து போட்டுட்டு மேல ஒரு கை போடாம எப்பிடிச் சாமி குடுக்கறது?"

சரி, கூடுதல் எடையையும் சேர்த்தே கடையில் எழுதினேன். மனிதர் அதை அளந்துவிட்டு, அதற்கு மேலும் ஒரு கை போட்டார்! ரெடிமேட் கடையில் கைப்பிடிக்கு இடமில்லை. ரோஷம் வந்து, நானே ஒரு கடைக்கு வரி வரியாக நிரல் எழுதினேன். அது வாங்குபவருக்குக் கால் கிலோ என்றே காட்டும். தபால் செலவுக்கு மட்டும் அண்ணனின் கைப்பிடியைச் சேர்த்துக்கொள்ளும். ஒரு பிடி மிளகைத் தபால் ஆபீஸ் தராசில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். நாற்பத்திரண்டு கிராம்.

மூன்றாம் வருடம் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பொட்டலம் போடும் வேலையை அண்ணி ஏற்றுக்கொண்டார். திரும்பி வந்து கணினியைத் திறந்தால், கடை அவர் கையைக் கூட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு கை. பிறகு கடைக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனி சர்வரை மாற்றியது. நான் எழுதியதில் பாதி ஓடவில்லை, ஆர்டர்கள் வழியிலேயே தொலைந்தன. சரிசெய்ய உட்கார்ந்தால் அந்த எண் கண்ணில் படும். எழுந்துவிடுவேன்.

உடன் வேலை பார்க்கும் யூர்கன் எட்டிப் பார்த்து, "இந்த 42 என்ன?" என்றான்.

"என் அண்ணனின் கை."

"ஓ, பேக்கிங் பிழையா? ரெடிமேட் கடைக்கு மாறிவிடு. ஒரு மதியத்தில் முடிந்துவிடும்."

அந்த வாரமே அண்ணி போன் செய்தார்.

"தம்பி, ரண்டு மாசமா ஒரு பொட்டணங்கூடப் போகலீங்க. மிளகு ஊட்டுலயே கெடக்குது. புள்ளைய காலேஜுல சேர்க்கோணும். உங்களால முடியலீன்னா சொல்லிப்போடுங்க, யாவாரிகிட்டயே போட்டுடறேன்."

வெட்கமாக இருந்தது. செத்தவரின் கையை விடமாட்டேன் என்று, உயிரோடு இருப்பவர் வயிற்றில் அடித்திருக்கிறேன். அந்த ஞாயிறே ரெடிமேட் கடைக்கு மாறினேன். யூர்கன் சொன்னபடி ஒரு மதியம்தான் ஆயிற்று. அண்ணியைக் கூப்பிட்டேன்.

"அண்ணி, இனிமேல் கால் கிலோன்னா கால் கிலோதானுங்க. மேல கை போட வேண்டாங்க."



"சரிங்க தம்பி. உங்க ஊர்ல அப்பிடித்தான்னா அப்பிடியே செய்யறேன்."

உங்க ஊர். போனை வைத்தபின், பழைய கடையை என் கணினியில் மட்டும் திறந்து, எனக்கே ஒரு கால் கிலோ ஆர்டர் போட்டேன். அனுப்புநர் பெருமாள், வளப்பூர் நாடு. பெறுநர் இடத்தில் என் ஜெர்மன் தெரு. எடை இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிராம். அனுப்பட்டுமா என்று கடை கேட்டது. அங்கிருந்து இங்கே கொண்டுவர இனி ஆளில்லை என்று தெரிந்தும், ஆமாம் என்று அழுத்தினேன்.