சித்தப்பாவின் சாப்பாட்டுப் பையில் சுருட்டுக் குண்டு

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது உலகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தவர்கள் ஜெர்மன் உளவாளிகள். அந்த வருடம் பாடசாலைப் பேச்சுப் போட்டிக்கு அவர்களைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். முதலாம் உலகப் போரில் அமெரிக்கா யார் பக்கமும் சேராமல் இருந்த காலம் அது. ஆனால் ஜெர்மனியின் எதிரிகளுக்கு அங்கிருந்து ஆயுதங்கள் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தன. அதைக் கெடுக்க, ஜெர்மன் உளவாளிகள் சுருட்டு அளவில் குண்டு செய்து சரக்கோடு ஒளித்து அனுப்பினார்கள். கப்பல் நடுக்கடலுக்குப் போன பிறகு அது தானாகப் பற்றிக்கொள்ளும். நியூயோர்க் துறைமுகத்தில் வெடிமருந்துக் கிடங்கு ஒன்றையே கொளுத்தினார்கள். அமெரிக்காவுக்கு வெகு தொலைவில், செவன் ஹில்ஸ் என்ற புறநகரில், குக்கர் விசிலைத் தவிர வேறு சத்தமில்லாத எங்கள் வீட்டிலிருந்து இதை வாசித்தபோது எனக்குப் புல்லரித்தது.

மேடையில் காட்டுவதற்குச் சுருட்டுக் குண்டுகள் செய்து தந்தவர் சித்தப்பா. அப்பாவின் தம்பி. போருக்குத் தப்பி, அகதியாகப் படகில் வந்தவர். தற்காலிக விசாவில் எங்களோடு தங்கி, பக்கத்துப் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்தார். விசா முடிவு வரும்வரை ஒரு சின்னப் பிரச்சினைக்கும் போகக்கூடாது என்று அம்மா அவருக்கு ஓயாமல் சொல்வார். பாவம், அவர் காலியாகக் கிடக்கும் தெருவில்கூடப் பச்சை விளக்குக்குக் காத்து நிற்கிற மனிதர். அவர்தான் காகித மட்டையைச் சுருட்டி, அலுமினியத் தாள் சுற்றி, பழைய ரேடியோவில் பிடுங்கிய சிவப்பு வயரை நுனியில் செருகினார். அசல் உளவாளி பார்த்தாலும் பொறாமைப்பட்டிருப்பான்.

போட்டியன்று அம்மா சுருட்டுப் போல நீளமான ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்தார். அதையும் அலுமினியத் தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, ஹோம்புஷில் உள்ள தமிழ்க் கடையின் மஞ்சள் பையில் போட்டார். என் குண்டுகளும் அதே கடைப் பையில், அதே குசினி மேசையில் இருந்தன. வேலைக்குப் பிந்திவிட்ட சித்தப்பா கைக்கு வந்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

மேடையில் பையைத் திறந்தேன். குப்பென்று மிளகு வாசம். நான் அசரவில்லை. ஒரு ரோல்ஸை உயர்த்திப் பிடித்து, இதுதான் கப்பல்களை எரித்த குண்டு என்றேன். முடிவில் வகுப்பே குண்டுகளைத் தின்று தீர்த்தது. முதல் பரிசும் கிடைத்தது.

அதே நேரம் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் சித்தப்பாவும் பையைத் திறந்திருக்கிறார். பக்கத்துக் கதிரையில் இருந்தவன் வயரைக் கண்டு கத்த, எல்லோரும் வெளியே ஓடியிருக்கிறார்கள். பொலிஸ் வந்தது. எந்த நாடு, எப்படி வந்தாய், அங்கே யாரோடு இருந்தாய் என்று கைகளைத் தலையில் வைக்கச் சொல்லிக் கேட்டார்களாம். அவர் எத்தனையோ வருடமாக மறக்கப் பார்த்த கேள்விகள். கடைசியில் விஷயம் தெரிந்து அப்பா என் ரீச்சரையே கூட்டிக்கொண்டு போனார். ரீச்சர் தின்னாமல் எடுத்து வைத்திருந்த தன் பங்கு ரோல்ஸைச் சாட்சிக்குக் கொண்டுபோயிருந்தார். பொலிஸ் சிரித்தது, முதலாளி சிரித்தார், சித்தப்பாவும் சிரித்தாராம்.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் என்னிடம்தான் முதலில் வந்தார்.

"பிள்ளை, பேச்சு எப்பிடிப் போச்சு?"

"முதல் பரிசு, சித்தப்பா!"

"கெட்டிக்காரி." தேத்தண்ணியைக் கையில் வாங்கினார். "அந்த நேரம் அமெரிக்காவில சும்மா தங்கட பாட்டில வேலை செய்துகொண்டிருந்த ஜெர்மன்காரருக்குப் பிறகு என்ன நடந்தது?"

"அது புத்தகத்தில இல்லை."

"ஓம், அது போடமாட்டினம்," என்றார்.

மறுநாளிலிருந்து, உள்ளே இருப்பது நாலு பக்கமும் தெரிகிற ஒரு பெட்டியில்தான் அவர் சாப்பாடு கொண்டுபோனார். சோறு, பருப்பு, ஒரு முட்டை. எதையும் எதிலும் சுற்றவிடமாட்டார். விசா பிறகு ஒருவழியாகக் கிடைத்தது. பெட்டியை மட்டும் அவர் மாற்றவில்லை. அம்மா ரோல்ஸ் பொரிக்கும் நாட்களில் தனக்கு வேண்டாம் என்பார். அவருக்கு ரோல்ஸ் அலுத்துவிட்டதாக்கும் என்று நினைத்து, அவருடைய பங்கையும் நானே சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.