கருவாட்டு மணத்தில் ஒளித்த கீரை

வெள்ளிக்கிழமை. போன் கார்டு வாங்கிக்கொண்டு ஷார்ஜா கேம்ப் அறைக்குத் திரும்பினால் முருங்கைக்கீரை வேகும் மணம். இன்றைய சமையல் முறைக்கு மீன் குழம்பு வைக்க வேண்டிய அறைத்தோழன் குமார், மீனை யாருக்காக ஒளித்து வைத்திருக்கிறான்? இந்தச் சந்தேகம் சிறுவயதிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது.

குமரிக் கடற்கரையில், ஆனி ஆடியில் கடல் கொந்தளித்தால் எல்லா வீட்டிலும் கீரைதான். எங்களை நோயில்லாமல் காத்ததும் அதுதான். ஆனால் கீரை தின்பது மீனவனுக்குக் கேவலம். அப்பா ஒரு துண்டுக் கருவாட்டை அடுப்பில் சுடுவார். தின்ன அல்ல, தெருவுக்கு மணக்க. பக்கத்து வீட்டிலும் இதே வேலைதான்; ஆனால் அங்கிருந்து வரும் மணத்தை மட்டும் உண்மை என்று நம்பிப் பொருமுவார்.

சுடுவதற்குக் கூடக் கருவாடு இல்லாதது என் தோழி மேரியின் வீட்டில்தான். "ஏட்டி, இன்னைக்கும் ஒங்க வீட்டுல ஆட்டுத் தீனியா?" என்று பள்ளி வாசலில் எல்லோர் முன்னும் கேட்டேன். நானும் கீரை தின்றுவிட்டுத்தான் வந்திருந்தேன். அதன்பின் அவள் என்னோடு பேசவேயில்லை.

"மீன் எங்கலே?" என்றேன் குமாரிடம்.

"மீன் மாஃபி, இன்னைக்கு கெடயாது அண்ணாச்சி. நம்ம ரூம் மணி சபரிமலைக்கு மாலை போட்டிருக்கான். ரஷீத் பாய்க்கு நாம வாங்குற கறி ஹலாலான்னு சந்தேகம். கீரைன்னா எல்லாருக்கும் ஒரே சட்டி. யல்லா, வாங்க!"

எல்லோரும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எங்கள் தெருவும் இப்படி உட்கார்ந்திருக்கலாம். மேரியின் பக்கத்தில் நான் இருந்திருப்பேன்.