வீட்டு வண்டியில் அண்ணன் கண்ட நீலப் பொறி

எங்கள் அண்ணன் அவர்கள் மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. வந்திருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் வணங்கி, அவருடைய தங்கை எழுதுகிறேன். ஏழாவதோடு படிப்பை விட்டவள். தப்பாக ஏதும் எழுதிவிடுவேனோ என்று மூன்று முறை கிழித்துப் போட்டேன்.

அண்ணன் பிறந்தது சைதாப்பேட்டையில். லாரி விபத்தில் அப்பா போனதிலிருந்து குடும்பத்தைத் தாங்கியவர் அவர்தான். பிறகு தரமணியில் சொந்தமாக ஒர்க் ஷாப் வைத்தார். என் கணவர் காலமானதும் என்னையும் அங்கே அழைத்துக்கொண்டார். ஸ்பானர் கீழே விழுந்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அண்ணன் பதறி நான் பார்த்ததில்லை.

அவரைப் பற்றி எவ்வளவோ சொல்லலாம். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

மயிலாப்பூர் டீச்சரம்மாவிடம் ஒரு பழைய பெட்ரோல் வேன் இருந்தது. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்து வீடு போலவே கட்டியது. பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவரை வேறு எதிலும் கூட்டிப்போக முடியாது. ஐப்பசி மழையில் அந்த வண்டியின் இஞ்சின் ஓடும்போதே டப் டப்பென்று வெடிச் சத்தம் போட ஆரம்பித்தது. மறுநாள் அவர்கள் கும்பகோணம் போகவேண்டும். அந்தக் கணவர் ஆறு வருடமாகப் பார்க்காத அவருடைய அண்ணாவுக்கு எண்பது நிறைந்து சதாபிஷேகம்.

"ஒவ்வொரு வெடிக்கும் அவருக்குத் தூக்கித் தூக்கிப் போடறது. ஹார்ட் வேற வீக். ஆத்துலேர்ந்து இங்க வரதுக்குள்ள ஒம்பது தடவை" என்றார் டீச்சரம்மா. "நாளைக்குக் கார்த்தால கிளம்பலாமா கூடாதா, அதை மட்டும் சொல்லிடுங்கோ."

"சாயங்காலம் சொல்றேம்மா" என்றார் அண்ணன்.

பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். கார்புரேட்டரைக் கழுவினார். டைமிங் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. கொட்டிவாக்கம் வரை ஓட்டிப் பார்த்தோம். தூறலில் டப் டப் என்று வெடித்தது. வெயில் வந்ததும் அடங்கிவிட்டது.

"அண்ணே, தீ கீ புடிச்சிக்கினா இன்னா பண்றது? உள்ள கேஸ் வேற கீது. முடியாதுன்னு சொல்லிடுண்ணே" என்றேன்.

"இஞ்சினுக்கு முன்னாடி நீ வெடிச்சிடுவ போல கீதே!"

சைலன்சரில் வெடித்தால் ஒரு கணக்காம். இது கார்புரேட்டர் வழியாகத் திருப்பி உமிழ்கிறது. அப்படியென்றால் ஏதோ ஒரு பிளக்கில் நெருப்பு நேரம் தவறி விழுகிறது. அதுவும் ஈரத்தில் மட்டும். கரண்ட் எங்கேயோ வழி மாறுகிறது என்றார்.

அந்த வேனில் இஞ்சின் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும். அதன் மூடியைத் திறந்து, இஞ்சினை ஓடவிட்டு, மழை போலக் கையால் தண்ணீர் தெளித்தார். கட்டிலில் கிடந்த கம்பளியை எடுத்து இஞ்சினையும் தன் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டார்.

"அண்ணே, கம்பளி ஃபேன்ல மாட்டிக்கும்ணே!"

"வாய மூடிக்கினு ஆக்சிலேட்டர மிதி."

மிதித்தேன். டப்! எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"விட்டுட்டு இங்க வா. கைய வெக்காத, கண்ண மட்டும் வை."

பட்டப்பகலில் கம்பளிக்குள் கும்மிருட்டு. எல்லா பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின்மேல், ஒரு ஒயரிலிருந்து பக்கத்து ஒயருக்கு நீல நூல் ஒன்று ஊர்ந்து ஊர்ந்து தாவியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யார் கண்ணுக்கும் தெரியாததைப் பார்க்க, பகலிலேயே இருட்டை உண்டாக்கத் தெரிந்திருந்ததே அந்த மனிதருக்கு!

கம்பளியை விலக்கினால், அந்த நூல் ஊர்ந்த இடத்தில் ஒரு பொட்டு. சந்தனமும் குங்குமமும் ஊறிப்போய் நசநசவென்று இருந்தது. கரண்ட் அந்த ஈரத்தின் வழியாகத்தான் தாவியிருக்கிறது. ஆயுத பூஜையன்று சர்வீஸுக்காக எங்களிடம் நின்ற வண்டி அது. நோயாளி போகிற வண்டியாயிற்றே, ஒன்றும் ஆகக்கூடாதே என்று இஞ்சின் மூடியைத் திறந்து, அங்கே கெட்டியாக வைத்தவள் நான்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். இஞ்சினை நிறுத்தி, அந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மாற்றி, மறுபடியும் தண்ணீர் தெளித்து ஓட்டினார். வெடிக்கவில்லை.

சாயங்காலம் டீச்சரம்மா கேட்டார்: "என்னதான் ஆச்சு?"

"ஈரம் எறங்கிட்ச்சிம்மா. நான்தான் சரியா பாக்காம வுட்டுட்டேன். நாளைக்கு தாராளமா கெளம்புங்க."

இரண்டாம் நாள் கும்பகோணத்திலிருந்து போன் வந்தது. "வழியில ஒரு சத்தம் இல்லை. அண்ணாவும் தம்பியும் கையைப் பிடிச்சிண்டு அழுதுண்டிருக்கா."

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தைத் தொடவே பயந்து ஒதுங்கி நின்றேன். அண்ணனே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "இன்னா முழிக்கிற? வை. ஒயர் பக்கம் மட்டும் போவாத."

கடைசி நான்கு மாதம் சிறுநீரகக் கோளாறால் படுத்திருந்தார். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. ரத்தம் கொடுத்த ஒர்க் ஷாப் தம்பிகளுக்கும், இராப்பகலாகப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்களுக்கும், எங்கள் வீட்டில் உலை வைக்கவே விடாத அக்கம்பக்கத்தாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

டீச்சரம்மாவுக்கும் நன்றி. நீங்களும் இன்று வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அண்ணன் அன்று எதையும் பார்க்காமல் விடவில்லை, அம்மா. அந்தப் பொட்டை வைத்தது நான்தான்.