தாய்மாமன் சொன்ன பள்ளிக்கூடம்

கடை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. வறுத்த மீன் வாசனை மட்டும் சட்டையில் கூடவே வந்தது. அரிச்சல்முனையிலிருந்து ராமேஸ்வரம் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் கடல், நடுவில் தார்ச்சாலை. மாலை வெயிலில் சாலையும் தண்ணீராகத் தெரிந்தது. எதிரே வந்த வேன்கள் கொஞ்ச தூரம் மிதந்துதான் வந்தன.

அந்த மீன் கடையில் எனக்குத் தட்டுக் கழுவும் வேலை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் அலைந்ததைப் பார்த்துக் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, ஒண்ணு தட்டக் கழுவு, இல்லன்னா அந்தப் போனக் கட்டிக்கிட்டு அழு."

"சரிண்ணே, வாரேன்."

"ஒண்ணும் வர வேணாம். போ."

நான் ஏன் அலைந்தேன் என்றால், அந்த முனையில் நம்முடைய செல்போன் கோபுரத்தின் சிக்னல் கிடைக்காது. இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, வெளிநாட்டுக்கு வந்திருக்கிறீர்கள், நல்வரவு என்று போன் செய்தி காட்டும். சுற்றுலா வந்தவர்கள் அதைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பப் பார்ப்பார்கள், போகாது. எனக்கோ அன்று சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து தங்கச்சி கூப்பிட வேண்டும். அவள் மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பதை நான்தான் சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் பள்ளிக்குப் பதில் சொல்லாவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். ஆகவே போன் தன் நாட்டுக்குத் திரும்பும் இடம் வரை நடப்பது என்று கிளம்பினேன்.

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவனிடம் ஏன் கேட்டார்கள் என்றால், நான் தாய்மாமன். எங்கள் கமுதிப் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் பிள்ளைக்கு எதுவும் நடக்காது. நான் எந்த ஊரில் எந்த லாரியில் கிடந்தாலும் ஆள் விட்டுத் தேடிப் பிடித்து, குளிப்பாட்டாத குறையாக மாலை போட்டு உட்கார வைப்பார்கள். அந்தப் பிள்ளைக்குக் காது குத்தியது என் மடியில்தான். வலி பொறுக்காமல் என் பெருவிரலைக் கடித்தாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

தங்கச்சி அங்கே நர்ஸ். அவள் புருஷன் ஏசி மெக்கானிக். பிள்ளை இந்தியப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் படித்து வந்தாள். பிறகு தங்கச்சி மாறிப்போன ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் பள்ளிச் செலவைத் தானே கட்டுவதாகச் சொன்னது. அதிலிருந்து அவளுக்குப் பிரிட்டிஷ் முறைப் பள்ளி ஒன்றின் மேல் ஆசை. மாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் சண்டை முற்றி, கடைசியில் தாய்மாமன் சொல்லட்டும் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அண்ணன் தன் பக்கம்தான் பேசுவான் என்று அவள் நம்பினாள். நானும் ஊர்க்காரன்தானே என்று அவர் நம்பினார்.

போன வாரம் தங்கச்சி அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நடந்தபடியே ஒரு வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். சாமான் வாங்க ராமேஸ்வரம் போன அன்று அது போனில் இறங்கியது. எண்ணெய் டின்னில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, தட்டுக் கழுவியபடியே அதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தேன். நீளமான தாழ்வாரம். கதவெல்லாம் கண்ணாடி. ஒரு அறையில் பெஞ்சே இல்லை, பிள்ளைகள் கம்பளத்தில் குப்புறப் படுத்துப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வெள்ளைக்கார டீச்சர் தரையில் முட்டி போட்டு, ஒரு பையனின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவன் யோசித்துக்கொண்டிருந்தான். அவர் காத்திருந்தார். அந்த இடம் வரும்போதெல்லாம் என் கையிலிருந்த தட்டு அப்படியே நிற்கும். இரண்டு மூன்று தடவை அந்தத் தாழ்வாரம் கனவிலும் வந்தது. கணுக்கால் வரை கடல் தண்ணீர், நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறேன், யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

என் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. கருவேலங்காடு வகுப்பு வாசல் வரை வந்து நிற்கும். மழை இல்லாமல் மிளகாய்ச் செடி காய்ந்துபோன ஒரு வருஷம், சத்துணவு முட்டையைச் சாப்பிட்டுவிட்டு அந்தக் காட்டு வழியே நடந்தேன். பசித்தால் திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். வழியில் கருவேல விறகை எரித்துக் கரியாக்கும் ஒரு கரிமூட்டத்தில் வேலையும் சோறும் கிடைத்தன, திரும்பவில்லை. அவ்வளவுதான் என் படிப்பு.

இடிந்த கோயில் சுவர்களும் ஓலைக்கடைகளும் இருக்கும் பழைய தனுஷ்கோடிக்கு வந்தபோது போன் இரண்டு தடவை அதிர்ந்தது. நாடு திரும்பிவிட்டது. ஒரு சுவர் நிழலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது.

"அண்ணே, எங்கன இருக்க? ஒரே காத்துச் சத்தமா இருக்கு."

"ரோட்டுல."

"கடையில இல்லையா?"

"வேலைய விட்டுட்டேன்."

"சேந்து ஒரு மாசங்கூட ஆகலயேண்ணே!"

"விடு," என்று மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "மச்சான் ஒரு எடத்துல இருந்தாத்தான் அதிசயம்." பிறகு போனை வாங்கிக்கொண்டார். "மச்சான், நீங்களே சொல்லுங்க. இங்கன வேலைங்கிறது இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போயிரும். திரும்பி வந்தா இவள எங்க சேக்குறது? அந்தப் பள்ளிக்கூடத்துல தமிழுன்னு ஒரு எழுத்து கெடையாது. டீச்சருங்களும் ரெண்டு வருசத்துல பொட்டியக் கட்டிக்கிட்டு வேற நாட்டுக்குப் போயிருவாங்களாம்."

"அப்ப நம்ம சாதிதான் மாப்ள அவங்க."

அவர் சிரித்துவிட்டார். தங்கச்சி சிரிக்கவில்லை.

"இப்பப் போற பள்ளிக்கூடத்துல இவ வாயத் தெறக்க மாட்டேங்குறாண்ணே. கிளாஸுல அம்புட்டுப் பிள்ளைக. காலையில எந்திரிச்சா வயித்து வலிங்குறா. லீவு நாள்ல மட்டும் வலிக்க மாட்டேங்குது."

உண்மையைச் சொன்னால், நடந்து வரும்போதே நான் முடிவு செய்திருந்தேன். இந்தியப் பள்ளியே போதும் என்று சொல்லப் போகிறேன். பாடம் அங்கேயும் இங்கேயும் ஒன்றாக இருந்தால் என்றைக்காவது ஊர் திரும்புவார்கள். அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் போகிற பிள்ளை அந்தப் பக்கமாகவே லண்டனோ வேறு எங்கோ போய்விடும், இவர்களும் பின்னால் போவார்கள். அய்யாவும் ஆத்தாளும் போன பிறகு, கேட்காமலே நான் கதவைத் தட்டக்கூடிய வீடு இந்த உலகத்தில் ஒன்றுதான். அது திரும்பி வர வேண்டும் என்று எனக்கு இருந்தது.

"பிள்ளைட்டக் குடு," என்றேன்.

"மாமா!"

"என்னத்தா, அந்தப் புதுப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் போய்ப் பாத்தியாமே?"

"ஆமா மாமா. எல்லாரும் அவங்க வீட்டுல உள்ள ஒரு ஆளப் பத்திச் சொல்லணும். நான் ஒங்களப் பத்திச் சொன்னேன்."

"என்னையவா? என்னத்தச் சொன்ன?"

"மாமா இருக்குற எடத்துல ரெண்டு பக்கமும் கடல். மாமா போனு மட்டும் வேற நாட்டுக்குப் போயிரும், மாமா போக மாட்டாங்கன்னு சொன்னேன்."

"நம்புனாங்களா?"

"ஒரு பையன் பொய்யின்னான். மிஸ் மேப்புல தேடிக் காட்டுனாங்க. கடலு நடுவுல ஒரு கோடு மாதிரி இருந்துச்சு மாமா, அதுல நீங்க இருக்கீங்க."

பிறகு அவள் பேச்சு தானாக இங்கிலீஷுக்குள் போய்விட்டது. நிறுத்தவே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, இடையில் சிரித்துக்கொண்டு, யாரோ மாதிரி குரல் மாற்றிக் காட்டி, என்னென்னவோ சொன்னாள். எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. அலை வந்து வந்து போவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் போனில் அவளிடம் பேசினால் 'ம்' என்பாள், மறுபடி 'ம்' என்பாள், அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். வாயைத் திறக்காத பிள்ளை இதுதான் என்று சொன்னால் அந்தக் கடற்கரையில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

திடீரென்று தமிழுக்கு வந்தாள். "மாமா என்ன வேல பாக்குறாங்கன்னு மிஸ் கேட்டாங்க. எனக்குத் தெரியல. என்ன வேல மாமா?"

"நாளைக்குச் சொல்றேன்த்தா."

"ஏன் நாளைக்கு?"

"நாளைக்குத்தான் மாமாவுக்கே தெரியும்."

பின்னால் மாப்பிள்ளை சிரிப்பது கேட்டது. போன் அவர் கைக்குப் போனது.

"மாப்ள, அந்தப் புதுப் பள்ளிக்கூடத்துலயே சேத்து விடுங்க."

பிள்ளையை அடுத்த அறைக்குப் போகச் சொல்லிவிட்டு அவர் பேசினார்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா மச்சான்? அங்கன விட்டா அவ நம்ம ஊருக்குத் திரும்ப மாட்டா."

"தெரியும் மாப்ள."

"நீங்க எம்பக்கம் நிப்பீகன்னு நெனச்சேன்."

"வார வழியெல்லாம் ஒங்க பக்கந்தான் நின்னேன். இப்ப அவ பேசுனாள்ல, அதக் கேட்டப்புறம் முடியல."

அவர் பெருமூச்சு விட்டார். "சரி. தாய்மாமன் சொல்லியாச்சு. ஆனா ஒண்ணு. அவளுக்குத் தமிழ் ஒங்க பொறுப்பு. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம கூப்பிடுவா, நீங்க பேசணும். போனு எடுக்காத எடமாப் பாத்து ஓடிறக் கூடாது."

"இல்ல மாப்ள."

"ஒங்கள நம்பலாமா?"

"பாப்போம்," என்றேன். அதற்கு மேல் என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. தங்கச்சி போனை வாங்கி எதையோ சொல்ல ஆரம்பித்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரிவதற்குள் சிக்னல் போய்விட்டது.

மீன் ஏற்றிய டெம்போ ஒன்று இடம் கொடுத்தது. கூடைகளுக்கு நடுவே கால் நீட்டிப் படுத்துக்கொண்டேன். இருட்டிக்கொண்டு வந்த வானத்துக்குக் கீழே, நடுக்கடலில் ஒரு கோட்டின் மேல் போய்க்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலையில் ராமேஸ்வரம் துறைமுகத்தில் இரண்டு வேலை இருந்தது. விசைப்படகு ஒன்றுக்கு ஆள் குறைந்திருந்தது, நல்ல கூலி. ஆனால் கடலுக்குள் போனால் போன் எடுக்காது. இன்னொன்று கரையில், பெரிய ஐஸ் கட்டிகளை உடைத்துப் படகுகளின் பெட்டியில் கொட்டும் வேலை. கூலி குறைவு, விரல் மரத்துப் போகும். கரை வேலையை எடுத்துக்கொண்டேன். முதல் படகுக்குக் கொட்டி முடித்ததும் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மாமாவுக்கு ஐஸ் உடைக்கிற வேலை என்று பிள்ளைக்குப் போனில் பேசிப் பதிந்து அனுப்பினேன்.