மூன்றடி தள்ளி

எங்கள் டவுன் பஞ்சாயத்தில் ஒரு பெண் உறுப்பினராவது இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொன்னதாம். தேர்தலில் எந்தப் பெண்ணும் நிற்கவில்லை. அதனால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்; என் அறிவைப் பார்த்து அல்ல. என் வீட்டுக்காரர் செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார்; நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பஞ்சாயத்துத் தலைவர் மண்டியில் வந்து உட்கார்ந்து, "உங்க ஊட்டம்மா எட்டாவது வரைக்கும் படிச்சவங்கதான? மாசத்துக்கு ஒரு தடவ வந்து உக்காந்துட்டுப் போனா போதும்" என்றார். உட்கார்ந்துவிட்டு மட்டும் வந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தெரு கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. எங்களுடையது ஓட்டு வீடு. அதை ஒட்டினாற்போல், நடுவில் ஒரு சந்து கூட இல்லாமல், ஒரு கூரை வீடு. அதில் இட்லி சுட்டு விற்கும் அக்கா ஒருவர் தனியாக இருந்தார். புருஷன் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. வாசலிலேயே அடுப்பு, உள்ளே படுக்கை, அவ்வளவுதான் வீடு.

நாங்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம். வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டோம். ஒரு வருடம் எனக்கு விஷக்காய்ச்சல் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தேன். அக்காதான் எனக்கென்று தனியாக வெங்காயமில்லாத சட்னி அரைத்து, வெயில் இருக்கும்போதே எடுத்துக்கொண்டு ஓடி வருவார். "துன்னு துன்னு, பொழுது போவுது. அப்பறம் உங்க சாமி எம்மேல கோச்சிக்கும்" என்று கேலி வேறு. நான் எழுந்து உட்கார்ந்தது அந்த இட்லியால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் சமாதானத்துக்குச் சொல்வதுபோல் ஆகிவிடும்.

நான் பஞ்சாயத்தில் சேர்ந்த வருடம் சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடைக் கூரையில் தீப்பிடித்தது. மலைப்பக்கமிருந்து அடித்த காற்றில் வரிசையாக நாலைந்து கூரைக் கடைகள் எரிந்து போயின. ஆள் சேதமில்லை. ஆனால் பறந்து வந்த ஓலைக்கரி எங்கள் வாசலில் வந்து விழுந்தது. எங்கள் வீட்டுப் பின்கட்டு முழுக்க மல்லாட்டை மூட்டை. அன்றிலிருந்து அக்காவின் அடுப்பில் புகை கிளம்பினாலே வாசலுக்கு ஓடி வந்து பார்ப்பேன். எத்தனையோ வருடமாகப் பக்கத்தில் இருந்த கூரை அப்போதுதான் என் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் அதே அடுப்பில் வெந்த இட்லியை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தில் வீடு கட்டுகிற விதிகளை மாற்றுவது பற்றிப் பேச்சு வந்தது. இரண்டு மாற்றங்கள். முதலாவது, இனிப் புதிதாகக் கட்டுகிறவர்கள் தெரு ஓரத்திலிருந்து மூன்றடி தள்ளித்தான் அஸ்திவாரம் போட வேண்டும். நெல் லாரியும் மாட்டு வண்டியும் எதிரெதிரே வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டியிருந்த காலம் அது. நியாயமான விதிதான். "பழைய செவுரு இருக்கற எடத்துலயே இருக்கலாம். புதுசுக்குத்தான் இது" என்று நிர்வாக அதிகாரி விளக்கினார். கை தூக்கினேன். இரண்டாவது, கடைத்தெருவில் இனிக் கூரை கூடாது. இருக்கிற கூரைகளை அடுத்த கோடைக்குள் எடுத்துவிட்டு ஓடு போட வேண்டும். அதற்கும் கை தூக்கினேன்.

அதோடு விட்டேனா? "எங்க தெருவையும் சேத்துக்குங்க" என்றேன்.

தலைவர் என்னைப் பார்த்தார். "உங்க தெருவுல ஒரே ஒரு கூரை ஊடுதானம்மா இருக்குது?"

"ஒண்ணுன்னா எரியாதா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் தெருவும் சேர்ந்தது. வீட்டுக்கு வரும் வழியில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அக்காவுக்கு ஓடு வாங்கிக் கொடுத்துவிடலாம், அவருக்கும் நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விதி மாறுகிறது என்றால் உடனே மாறிவிடாது. ஊருக்கு அறிவிக்க வேண்டும், ஆட்சேபணை கேட்க வேண்டும், மேலே அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். பஞ்சாயத்து ஆபீஸிலும் பஸ் ஸ்டாண்டிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். தெருத் தெருவாகத் தண்டோரா போட்டார்கள். அது எங்கள் தெருவுக்கு வந்தபோது அக்கா கையெல்லாம் மாவோடு வாசலுக்கு வந்தார்.

"இன்னா தங்கச்சி சொல்றான்? மோளம் கேக்குது, பேச்சு கேக்கல."

"கூரைய எடுத்துட்டு ஓடு போடணுமாம்க்கா."

"எனக்குமா?"

"ஆமா. ஆட்சேபண இருந்தா எழுதிக் குடுக்கலாமாம். நீ எதுக்குக்கா குடுக்கற? ஓடு நாங்க வாங்கித் தர்றோம்."

"அப்ப சரி. ஓட்டு ஊட்டுல இருக்க எனக்கு மட்டும் கசக்குதா?" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார். எங்கள் தெருவின் பேரைச் சொன்னது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆட்சேபணை எதுவும் எங்கள் தெருவிலிருந்து போகவில்லை. விதிகள் மேலே போய் ஒப்புதலோடு திரும்பி வந்தன.

மழைக்காலம் முடிந்ததும் கொத்தனாரைக் கூட்டிவந்தோம். அவர் அக்காவின் மண்சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். "ஓலையத் தாங்கும். ஓட்டத் தாங்காது. செவுத்த இடிச்சுட்டு செங்கல்லுல எழுப்பணும்" என்றார். சரி, எழுப்பலாம் என்றார் என் வீட்டுக்காரர். சுவர் எழுப்பப் பஞ்சாயத்து அனுமதி வேண்டும். நிர்வாக அதிகாரி ஆளோடு வந்தார். தெரு ஓரத்திலிருந்து உள்ளே மூன்றடி அளந்து ஒரு கயிறு கட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவரை இடித்துக் கட்டினால் அது புது வீடு. புது வீடென்றால் மூன்றடி தள்ள வேண்டும். பழைய சுவரை ஒன்றும் செய்யாது என்று சொன்னார்களே, அந்த விதியிடம் அக்காவின் வீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தது இந்த ஓட்டு விதி. இரண்டுக்கும் கை தூக்கியவள் நான். இரண்டையும் சேர்த்து யோசிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோருக்கும் பெரிய மனைகள் இருந்தன, தோன்றாது. அக்காவின் மனையில் கயிற்றுக்குப் பின்னால் மிஞ்சியது ஒரு கட்டில் போடுகிற இடம்.

அக்கா கயிற்றைப் பார்த்தார். "இதுல நா படுக்கறதா, இட்லிப் பானைய வெக்கறதா?" என்றார். எப்போதும்போல் கேலியாகத்தான் கேட்டார்.

"சின்ன மனைக்கு விலக்கு ஒண்ணும் இல்லீங்களா?" என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"விதியில போடலியேம்மா. நீங்கல்லாம் சேந்துதான பாஸ் பண்ணீங்க?" அவர் குத்திக் காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். எனக்குத் தெருவில் நிற்கவே கூச்சமாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். மிகச் சிறிய மனைகளுக்கு மூன்றடி விதி வேண்டாம் என்று திருத்தம் கொண்டுவரச் சொன்னேன். "மெம்பரம்மா இன்னிக்கு ரொம்ப சூடா இருக்கறாங்க, மோரு வாங்கியாரச் சொல்லுங்க" என்று ஒருவர் கிண்டல் செய்தார். நான் முறைத்ததில் அவர் அடங்கிவிட்டார். திருத்தம் நிறைவேறியது. ஆனால் அதுவும் ஒரு விதி மாற்றம்தானே? மறுபடியும் தண்டோரா, ஆட்சேபணை, மேலிட ஒப்புதல். நான் போய்ப் போய் விசாரித்ததில், என் தலை தெரிந்ததுமே ஆபீஸ் பியூன் இல்லையென்று கையை விரிக்க ஆரம்பித்தார்.

ஒப்புதலுக்கு முன் கோடை வந்துவிட்டது. அதிகாரி நல்ல மனிதர், கொஞ்ச நாள் கண்டுகொள்ளாமல்தான் இருந்தார். டீக்கடைக்காரர் விடவில்லை. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலிலேயே என்னை நிறுத்திக் கேட்டார். "எரிஞ்சப்பறம் மறுபடி போட்ட எங்க கூரைய, கெடு முடிஞ்ச அன்னிக்கே பிரிக்கச் சொன்னீங்க. மெம்பரம்மா பக்கத்து ஊட்டுக்கு மட்டும் தனிச் சட்டமா?" அவர் கேட்டது நியாயம்.

அந்த மனையை யாரும் வாங்க மாட்டார்கள். வாங்கி என்ன கட்டுவது? பக்கத்து மனையோடு சேர்த்தால்தான் அது மனை. பக்கத்து மனை எங்களுடையது. அக்காவே வந்து, மனையை வாங்கிக்கொள்ளச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் கேட்டார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு வீட்டுக்காரரோடு போட்ட சண்டை மாதிரி அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை. "ஊரே இன்னா பேசும்? நான் கைய தூக்கித் தொரத்துனேன், நீங்க வாங்கிப் போட்டீங்கன்னு பேசாதா?" என்றேன்.

"பேசட்டும். நாம வாங்கலன்னா அந்தம்மா வெறுங்கையோட போவணும். அது பரவால்லியா?" என்றார். அவர் நல்ல விலைதான் கொடுத்தார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

கூரையைப் பிரித்த அன்று அக்காவுக்குச் சாமான் கட்டிக் கொடுத்தேன். அவலூர்பேட்டையில் தம்பி வீட்டுக்குப் போகிறார். இட்லிப் பானையைத் துணியில் சுற்றும்போது எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, நம்ம தெருவையும் சேக்கச் சொன்னதே நாந்தான்" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியுமே. தண்டோரா போட்டவன் அன்னிக்குச் சாயங்காலம் இட்லி துன்ன வந்தான், சொன்னான்."

"அப்ப ஏங்க்கா என்னை ஒண்ணுமே கேக்கல?"

"ஊடு முச்சூடும் மல்லாட்டய வெச்சிக்கினு பக்கத்துல கூரை இருந்தா தூக்கம் வருமா? எனக்குத் தெரியாதா? ஓடு வாங்கித் தர்றேன்னு சொன்ன இல்ல, அதான் சும்மா இருந்துட்டேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

நாங்கள் அந்த இடத்தில் மூன்றடி விட்டு, விதிப்படி ஓர் அறை கட்டினோம். சுவர் எழும்பி ஓடும் போட்ட பிறகு, சிறு மனைகளுக்கு விலக்கு அளிக்கும் திருத்தத்துக்கு ஒப்புதல் வந்தது. கூட்டத்தில் வாசித்தார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "மெம்பரம்மா கொண்டாந்த திருத்தம்" என்று தலைவர் பாராட்டினார். "அவங்களுக்கு இனிமே இது இன்னாத்துக்கு, அதான் மனை பெரிசாயிடுச்சே" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. மோர் வாங்கி வரச் சொன்னாரே, அவர்தான். இந்தத் தடவை நான் முறைக்கவில்லை. ஆண்டு முடியும் முன்பே பஞ்சாயத்து வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஐப்பசி மழை ஓய்ந்த சமயம் அக்கா ஏதோ வேலையாகச் செஞ்சிக்கு வந்தார். இளைத்திருந்தார். புது அறையைப் பார்க்க வேண்டும் என்றார். அந்த அறையில் என் வீட்டுக்காரர் மல்லாட்டை மூட்டைகளை அடுக்கியிருந்தார். அடுப்பு இருந்த இடத்துக்கு எதிரே ஒரு மூட்டைமேல் அக்கா உட்கார்ந்து, ஓட்டை அண்ணாந்து பார்த்தார்.

"நல்லா இருக்குது. மழைக்கு ஒழுவுதா?"

ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒழுவுதுக்கா" என்றேன்.

அக்கா உண்மையாகவே கவலைப்பட்டார். எழுந்து நின்று, எந்தப் பக்கம் என்று ஓட்டின் இடுக்குகளைத் தேடினார். "ஓட்டுக்கு அடியில ஒரு பனவோலைய சொருவி வுடு தங்கச்சி, நின்னுடும். எங்கூட்டுல ஒரு நாளும் ஒழுவுனது இல்ல."

பிறகு வாசலைப் பார்த்து, "பொழுது சாயப் போவுது, நீ போய்த் துன்னு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். அன்று நான் சாப்பிடவில்லை.