புளி போட்டுத் தேய்த்த குத்துவாள்

எனக்கு எதையும் பார்த்த மாத்திரத்தில் நம்புகிற புத்தி கிடையாது. பால்காரன் வாசலில் மாட்டைக் கட்டிக் கறந்தாலும் அவன் சொம்பைக் கவிழ்த்துப் பார்க்காமல் விடமாட்டேன். அப்படிப்பட்டவளுக்கு எதிரே, கப்பல்துறையை ஒட்டின கிடர்பூரில் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேராக, ஒரு ஜாவாக்காரக் கொல்லன் வந்து உலை வைத்தான்.

கப்பலில் வந்தவன், உடம்புக்கு முடியாமல் இறங்கி இங்கேயே தங்கிவிட்டான். என் கணவருக்குக் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. அவருடைய துரை, சீமைக்குக் கொண்டுபோக ஜாவாக் குத்துவாள் ஒன்று வேண்டும், அலகில் உள்ள கோலம் அசலாக இருக்க வேண்டும் என்றார். "ஆள் நம்ம எதிராத்திலேயே இருக்கான், நான் பொறுப்பு" என்று இவரும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். துரை முன்கோபி. போலி என்று தெரிந்தால் வேலை போய்விடும்.

நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. கொல்லன் கறுப்பு இரும்புக்கு நடுவே வெளுத்த இரும்பை வைத்துப் பழுக்கக் காய்ச்சினான். அடித்து நீட்டினான், மடித்தான், மறுபடி அடித்தான். மடிக்க மடிக்க எல்லாம் ஒரே கரிக்கட்டையாகத்தான் தெரிந்தது. கோலம் எங்கே என்று ஜாடையில் கேட்டால், உள்ளே இருக்கிறது என்று இரும்பைத் தட்டிக் காட்டினான். கடைசியில் சாயம் தீட்டப்போகிறான், எனக்குத் தெரியாதா?

குத்துவாள் வீட்டுக்கு வந்தது. கறுத்த அலகில், முறத்திலிருந்து அரிசி சிந்தினாற்போல வெள்ளைப் பொட்டுகள். பிடியருகே மூன்று மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அழகாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் குளிக்கப்போன நேரம் பார்த்து, புளியும் சாம்பலும் போட்டு வெண்கலப் பானையைத் தேய்க்கிற மாதிரி தேய்த்தேன். அரிசி அத்தனையும் போய்விட்டது. அலகு முழுக்க ஒரே வெளுப்பு.

"பாருங்கோ, சாயம்!" என்று நீட்டினேன்.

ஈரத்துண்டோடு நின்றவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "என்னடி காரியம் பண்ணியிருக்கே! சாயங்காலம் துரை கேட்பாரே!"

கொல்லனை அழைத்துவந்தார். அவன் அலகைப் பார்த்தான், என் கையிலிருந்த புளியைப் பார்த்தான், எலுமிச்சம்பழம் கேட்டான். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தான். வெள்ளைப் பாஷாணம்! ஓடிப்போய்த் தண்ணீர்ப் பானையை மூடி, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தேன்.

முற்றத்து வெயிலில் உட்கார்ந்து, அதைச் சாற்றில் குழைத்து அலகில் தேய்த்தான். இரும்பு மெல்லக் கறுத்தது. வெளுத்த இரும்பு மட்டும் கறுக்கவில்லை. சிந்திய அரிசி திரும்பி வந்தது. குனிந்து பிடியருகே தேடினேன். அந்த மூன்றும் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. குத்துவாளை வாங்கக் கையை நீட்டினேன்.

அவன் என்னிடம் தரவில்லை. அவரிடம் கொடுத்து, என்னைக் கண்ணால் காட்டி, "பெட்டியில வச்சுப் பூட்டு, பாபு" என்று அரைகுறை ஹிந்துஸ்தானியில் சொன்னான். அவரும் என் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கினார்.

துரைக்குப் பரம சந்தோஷம், வேலை தப்பியது. சாவிக்கொத்து மட்டும் என் இடுப்புக்குத் திரும்பவில்லை, அவர் பூணூலிலேயே தங்கிவிட்டது. மறுநாள் காலை, பூட்டியிருந்த அலமாரியைத் திறந்து சமையலுக்கு அரிசி எடுக்க, அவர் பூஜையை முடித்துக்கொண்டு வரும்வரை முறத்தோடு காத்து நின்றேன்.