காலியாக வந்த பட்டியல்

போன் இல்லாதவர்களின் பட்டியல் காலியாக வந்தது. அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். இதை எழுதும்போதும் அந்தப் பெருமைதான் முதலில் நினைவுக்கு வந்து முகத்தைச் சுடுகிறது.

எங்கள் மலையில் கண் பரிசோதனை முகாம் ஒன்று நடந்திருந்தது. கண்புரை இருந்தவர்களின் பெயர், ஊர், போன் எண்ணைத் தன்னார்வலர்களான இரண்டு அக்காக்கள் டேப்லெட்டில் பதிந்து வைத்திருந்தார்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. பட்டியல் வந்த நாளுக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலூர்பட்டி படகு இல்லத்தின் முன்னால் வேன் வரும். அதை விட்டால் அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது.

போன் உள்ளவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். இல்லாதவர்களைத் தனியே பட்டியல் எடுத்துத் தர வேண்டும், நேரில் போய்ச் சொல்வதற்காக. இதையெல்லாம் தானாகச் செய்யும் கணினி நிரலை எழுதியது நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். நாமக்கல்லில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வாசலூர்பட்டியில் வாடகைக்கு ஓர் அறை எடுத்து, அங்கிருந்தே வேலை செய்கிறேன்.

அன்று காலை என் அறைக்கு வந்த, முகாமைக் கவனித்துக்கொண்ட நர்ஸம்மா காலியான பட்டியலைப் பார்த்தார். அவர் கீழே சமவெளியிலிருந்து மலைக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"ஒருத்தராச்சும் போன் இல்லாம இருக்க மாட்டாங்களா? இன்னொரு தரம் பாரேம்மா."

எனக்குச் சுருக்கென்றது. "மலைக்காரங்கன்னா போன் இருக்காதுன்னு நெனச்சீங்களாங்க?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்படிச் சொல்லலம்மா" என்று சொல்லிப் போய்விட்டார். நான் அனுப்பு பொத்தானை அழுத்தினேன். எல்லாச் செய்தியும் போய்ச் சேர்ந்ததாகத் திரை சொன்னது. டீ குடிக்கப் போனேன்.

மதியம் இரண்டரை மணிக்கு அப்பா வந்தார். எங்கள் தோட்டத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரத்தில் ஒரு பையில் போனைத் தொங்கவிட்டுவிட்டு வேலை பார்ப்பார். அந்தப் பையோடு வந்து நின்றார்.

"கண்ணு, இது கெட்டுப்போச்சாட்ட இருக்குது. காத்தால விடாம கத்துச்சு. மரத்துல இருந்த குருவியெல்லாம் ஓடிப்போச்சு."

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. வாங்கிப் பார்த்தேன். பதினான்கு செய்திகள். எல்லாம் நான் அனுப்பியவை. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் வேறு வேறு ஆளின் பெயர்.

முதல் பெயரைப் படித்தேன். எங்கள் தோட்டத்துக்குக் கீழே மரவள்ளி போட்டிருக்கும் பெரியவர். அவரிடம் போன் கிடையாது என்பது எனக்கே தெரியும். இரண்டாவது பெயரும் தெரிந்த பெயர். மூன்றாவதும். உடனே நிரலைத் திறந்து பார்த்தேன்.

நடந்தது இதுதான். நிரலில் ஒவ்வோர் ஆளும் ஓர் ஆப்ஜெக்ட், விவரங்களைப் போட்டு வைக்கும் பெட்டி போல. பெயர், ஊர், போன் எல்லாம் அதன் பிராப்பர்ட்டிகள், அதாவது அதற்குள் இருக்கும் விவரங்கள். வேன் வரும் இடம், நேரம் போன்றவை எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால், அவற்றை மாதிரியாக வைத்த ஓர் ஆப்ஜெக்டில் ஒருமுறை எழுதி, மற்ற ஆப்ஜெக்ட்களெல்லாம் அதிலிருந்து பிறக்கும்படி வைத்திருந்தேன். ஓர் ஆளிடம் ஒரு விவரம் இல்லையென்றால், அந்த மாதிரியிடமிருந்து அது தானாகவே கிடைக்கும். சோதித்துப் பார்ப்பதற்காக ஒருநாள் அப்பாவின் எண்ணை அந்த மாதிரியில் போட்டிருந்தேன். எடுக்க மறந்துவிட்டேன்.

பிறகு ஒவ்வோர் ஆளிடமும் "போன் உண்டா?" என்று சோதித்தேன். "உன்னுடையதாகவே உண்டா?" என்று கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்கத் தனி வழி இருக்கிறது, எனக்கும் தெரியும். நான் கேட்கவில்லை. போன் இல்லாத பதினான்கு பேரும் அப்பாவின் எண்ணைக் காட்டி "உண்டு" என்று சொல்லியிருக்கிறார்கள்.

நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"எத்தன பேரு?"

"பதினாலுங்க."

"பேரச் சொல்லு, எழுதிக்கிறேன்."

காலையில் நான் பேசியதை அவர் எடுக்கவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. ஏழு பேரை அவரும் அக்காக்களும் எடுத்துக்கொண்டார்கள். மலையின் இன்னொரு பகுதியான பைல் நாட்டுப் பக்கம் இருந்த ஏழு பேர் எனக்கு. அப்பா மொபெட்டை எடுத்தார்.

"காத்தால இந்த வேலைய நானே பாத்திருப்பனே" என்றார் போகும் வழியில். "பட்டன அமுக்குனா முடிஞ்சுதுன்னு சொன்ன."

"பேசாம ஓட்டுங்கப்பா."

ஒரு வீட்டில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர், நாங்கள் மூச்சிரைக்க நிற்பதைப் பார்த்துச் சிரித்தார். "இதுக்கா இத்தன தூரம் வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

"உங்ககிட்டத்தான் போன் இல்லீங்களே."

"அட ஆமா. உனக்காச்சும் தெரிஞ்சிருக்குதே சாமி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா என்னைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினார்.

வெளிச்சம் போவதற்குள் ஆறு பேரைப் பார்த்துவிட்டோம். ஏழாவது வீடு பூட்டியிருந்தது. "மக ஊட்டுக்குக் கீழ போனாரு, மத்தியானந்தான் பஸ் ஏறுனாரு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மகள் எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. மத்தியானம். காலையிலேயே பட்டியல் சரியாக வந்திருந்தால் அவர் வீட்டில்தான் இருந்திருப்பார்.

மறுநாள் வேன் கால்மணி நேரம் கூடுதலாக நின்றது. நர்ஸம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் ஏறியிருந்தார்கள். வேன் கிளம்பியது.

இப்போதெல்லாம் எதை எழுதினாலும், ஒன்றுமே பதியப்படாத ஓர் ஆளை முதலில் உருவாக்குகிறேன். போன் உண்டா என்று அந்த ஆளிடம் கேட்கிறேன். இல்லை என்று பதில் வந்த பிறகுதான் மேலே போகிறேன். அன்று இதற்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

நான்கு நாள் கழித்து, பூட்டியிருந்த ஏழாவது வீட்டுப் பெரியவர் ஊர் திரும்பியது தெரிந்து, நானே போய் நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் என் குரல் வந்த திசைக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"வேன் நெசமாவே எனக்காக நின்னுச்சா?"

"நின்னுச்சுங்க."

"அப்ப அடுத்த தடவையும் நிக்கும். போயிட்டு வா சாமி. படி ஒண்ணு ஒடஞ்சிருக்குது, பாத்து எறங்கு."